மயில்நீல லேஸ் சால்வை கிட்: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

"லேஸ் சால்வை கிட், 100 சதவீதம் மெரினோ கம்பளி" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வருகிறது. பனிமூட்டத்துக்கு நடுவே மரப்பெஞ்சு, அதன்மேல் விரித்துப் போட்ட மயில்நீலச் சால்வை. அந்தப் படம் கண்ணில் பட்டால் தயவுசெய்து கடந்து போய்விடுங்கள். நான் 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்தது மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி இல்லை. எடையும் சொன்னபடி இல்லை. கூடவே அனுப்பிய குறிப்பை வைத்து யாராலும் அந்தச் சால்வையைப் பின்ன முடியாது.

குன்னூர்க் குளிருக்குத் தொப்பி, மஃப்ளர், குழந்தைகளுக்குக் காலுறை என்று பின்னிக் கை பழகியிருந்தது. அடுத்து லேஸ் பின்னலைக் கற்றுக்கொண்டு அக்காவுக்கு ஒரு சால்வை கொடுக்க வேண்டும் என்று ஆசை. கிட்டில் நூல் நான்கு கண்டு, வட்ட ஊசி, அச்சடித்த குறிப்பு எல்லாம் இருக்கும் என்றார்கள். இருந்தன. வட்ட ஊசியில் உலோக முனையும் பிளாஸ்டிக் கம்பியும் சேரும் இடத்தில் ஒரு பிசிறு. ஒவ்வொரு வரிசையிலும் நூல் அங்கே மாட்டிக்கொண்டு இழை பிரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறிப்புதான் உண்மையான மோசடி. லேஸ் பின்னலில் ஒரு துளை வேண்டுமென்றால் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றுவோம். அதனால் ஊசியில் ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், கூடும். அகலம் மாறாமல் இருக்க, பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவோம். கூடுவதும் குறைவதும் சமமாக இருக்க வேண்டும். இந்தக் குறிப்பின் ஐந்தாம் வரிசையில், எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை திரும்பி வரும் அமைப்பில், சுற்றுவது மூன்று முறை, சேர்ப்பது இரண்டே முறை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கண்ணி கூடிவிடுகிறது. ஆறாம் வரிசையோ பழைய எண்ணிக்கையே இருப்பதாக நினைத்துக்கொண்டு போகிறது. பிரித்துப் பின்னினாலும் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

விற்பவருக்கு எழுதினேன். வந்த பதில் இது: "சிஸ்டர், தொப்பி பின்னிய கைக்கு லேஸ் முதலில் இப்படித்தான் இருக்கும். பொறுமையாகப் பழகுங்கள்."

இந்தப் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன். பல ஆண்டு பின்னியவர்கள் நூலைத் தொட்ட உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊசியே பிடிக்காதவர்கள் கிட் வாங்கப் போவதில்லை. நடுவில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் புதிதாக ஒன்றைத் தொடும்போது தவறு நம் கையில்தான் இருக்கும் என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறோம். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த நூலிலேயே வேறொரு எளிய லேஸ் அமைப்பில் சால்வையைப் பின்னி முடித்தேன். பாதிக்கு மேல் நிறம் மாறியது. மூன்றாவது கண்டு ஒரு சாயல் பச்சையாக இருந்தது. ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கு லேபிளில் ஒரே சாயத்தொகுதி எண் இருக்கும். இவற்றில் லேபிளே இல்லை. 100 கிராம் என்று விற்ற கண்டுகளில் மீதமிருந்த ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 84 கிராம்.

லேஸ் முடிந்ததும் அதை நனைத்து, இழுத்து விரித்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டும். கம்பளி என்றால் காய்ந்தபின் விரித்த வடிவத்திலேயே நிற்கும், துளைகள் திறந்திருக்கும். என் சால்வை நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊசிகளை எடுத்தேன். கண் முன்னாலேயே ஓரம் சுருண்டு, துளைகள் மூடி, பழையபடி குவிந்துகொண்டது. எங்கள் தெருவில் இளவயதிலிருந்தே ஸ்வெட்டர் பின்னும் பாட்டி ஒருவர் இருக்கிறார். நூலை விரலிடையில் தேய்த்து அது கிறீச்சிடுவதைக் கேட்டவர், "கண்ணு, இது ஆட்டு ரோமமே இல்லை. கொளுத்திப் பார்" என்றார். விரல்நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்தினோம். கம்பளியாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், தீ தானாக அடங்கும், சாம்பல் விரலில் பொடியாகும். இது பிளாஸ்டிக் வாடையோடு உருகி எரிந்து, ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றது. அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அக்ரிலிக் நூல் மட்டமானது அல்ல, நானே தொப்பிக்கு வாங்குகிறேன். அதை மெரினோ விலைக்கு விற்பதுதான் அக்கிரமம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் பேச முடியும் என்றார்கள். அடுத்த செய்திக்கு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் தொழிலாக விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. அதில் வீடியோ நிபந்தனை எதுவும் இல்லை. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும்.

புதிதாக ஒரு கிட் வாங்கப் போகிறீர்கள் என்றால், லேபிளை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இழையின் வகை, எடை, மீட்டர், சாயத்தொகுதி எண், தயாரித்தவர் முகவரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். சால்வையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான பின்னலில் கண்ணிகள் கீழிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்ந்து வரும். இவர்கள் போட்ட படத்தில் அவை ஜடைபோலக் கலந்து நடுவழியில் காணாமல் போகின்றன; கணினி உருவாக்கிய படமாகத்தான் இருக்க வேண்டும். அந்த வடிவமைப்பை வேறு யாராவது பின்னியிருக்கிறார்களா என்று ராவெல்ரி தளத்தில் தேடுங்கள். 2007 முதல் உலகெங்கும் உள்ள பின்னல்காரர்கள் தாங்கள் முடித்தவற்றை அங்கே படத்தோடு பதிந்துவருகிறார்கள்.

ஏற்கெனவே இவர்களிடம் பணம் கட்டியவர்கள் யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரப் படம், உரையாடல் மூன்றையும் இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். என்னை பிளாக் செய்த பிறகு இப்போது வேறொரு பெயரில் அதே மயில்நீலச் சால்வைப் படத்தைப் போட்டு ஆர்டர் எடுக்கிறார்கள்.