லாங்கோலன் கால்வாயில் ஒரு நாள் படகு: மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் லண்டனில் என்ன பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். லண்டனை ஒரே நாளில் முடித்துவிட்டோம். எனக்கு மனதில் நிற்பது இங்கிலாந்தும் வேல்ஸும் சேரும் எல்லையில், லாங்கோலன் கால்வாயில், ஒரு நாள் முழுக்க நாங்களே ஓட்டிப்போன நேரோபோட் என்ற ஒடுங்கிய படகுதான். நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் என் மகளைப்போல அங்கே நர்ஸாக இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கப் போகிற பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படகின் அகலம் ஏழடிக்கும் குறைவு, நீளமோ மினி பஸ்ஸைவிட அதிகம். லைசென்ஸ் எதுவும் வேண்டாம். பின்னால் நின்று சுக்கான் தடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும், இது கைக்குப் பழக எனக்கு அரை மணி நேரம் ஆனது. மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது. கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது அதைவிட மெதுவாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் உள்ளே இருப்பவர்களின் பாத்திரம் ஆடும்.

நியூ மார்ட்டனில் இரண்டு லாக், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை மேலே ஏற்றி இறக்குகிற, இரு பக்கமும் கதவு போட்ட தொட்டி. படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே போனதும் அதை மூடிவிட்டு, மேல்பக்கத்து ஷட்டரை ஒரு இரும்புக் கைப்பிடியால் திருக்கித் திறக்க வேண்டும், நம்ம சானல் (கால்வாய்) ஷட்டரைத் திருக்குகிற அதே வேலைதான். என் மனைவியும் மருமகனும் மேலே நின்று மாறி மாறித் திருக்க, நான் படகில் நின்றேன். சுற்றிலும் பாசி பிடித்த ஈரச் சுவர், மூக்குக்கு நேரே. தண்ணீர் ஏற ஏற முதலில் அவளுடைய பூட்ஸ் தெரிந்தது, அப்புறம் சேலைக் கரை, அப்புறம் சிரித்த முகம். பேத்தி கைதட்டிக்கொண்டே இருந்தாள். கதவை முதுகு கொடுத்துத் தள்ளித்தான் திறக்க வேண்டும், முட்டுவலி உள்ளவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படகு கொடுத்தவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் பாதி கழிப்பறைக்கும் கெட்டிலுக்கும் போனது. லாக்கில் இறங்கும்போது மேல்கதவின் அடியில் ஒரு கல் படி நீட்டிக்கொண்டிருக்கும், படகின் பின்பகுதி அதில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடிய வடிய முன்பகுதி முங்கிவிடும். அதனால் சுவரில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னாலேயே படகு நிற்க வேண்டும். இதைச் சொன்னது படகுக்காரர்கள் இல்லை, திரும்பி வரும்போது பின்னால் வந்த படகில் இருந்த ஒரு பெரியவர். குழந்தையோடு போகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தானே?

சர்க் ஊரில் ஒரு தொட்டிப்பாலம் இருக்கிறது, 1801-இல் கட்டியது, 70 அடி உயரம். நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி, அதைவிட உயரம்தான். ஆனால் மாத்தூரில் தண்ணீர் தொட்டிக்குள் போகும், நாம் மேலே நடப்போம். இங்கே அந்தத் தண்ணீரோடு நாமே படகில் போகிறோம், பக்கத்தில் இன்னும் உயரத்தில் ரயில் போகிறது. மாத்தூரில் பறளியாற்றைக் கீழே பார்க்கிற அதே அடிவயிற்றுக் கூச்சம். அடுத்தது 420 மீட்டர் சுரங்கம், ஒரு படகு மட்டுமே போகிற அகலம். நீரோட்டம் எதிரே வருவதால் படகு நகரவே நகராது என்று தோன்றும், பொறுமையாக இருங்கள். அதைத் தாண்டித்தான் திருப்பினோம்.

வீட்டிலிருந்து கொண்டுபோன மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் அந்தச் சின்ன அடுப்பில் சூடாக்கிச் சாப்பிடும்போது மருமகன் ஒன்று சொன்னார். 1944-இல் சட்டம் போட்டே படகுப் போக்குவரத்தை மூடிய கால்வாயாம் இது. தண்ணீர் கொண்டுபோகத் தேவைப்பட்டதால் தூர்ந்துபோகாமல் தப்பித்து, 2009-இல் இதன் ஒரு பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. 1860-இல் வெட்டத் தொடங்கிய நம்ம ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) சானலில் வள்ளம் போனதை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன், இப்போது தேங்காப்பட்டணம் பக்கம் போய்ப் பாருங்கள், மண்ணும் குப்பையும்தான்.

சரி, போகிறவர்கள் வார நாளில் போங்கள், லாக்கில் வரிசை குறைவு. கைப்பிடி இரண்டு கேட்டு வாங்குங்கள், எங்களுக்கு ஒன்றுதான் தந்தார்கள். பேத்தியின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட்டும் இல்லை, அதனால் மகள் அவளைக் கடைசிவரை கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.