முதல் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது?

நாவலை எழுதி முடித்தவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு: காசு கேட்காமல் வெளியிடும் பதிப்பகம், எழுத்தாளரிடமே கட்டணம் வாங்கி வெளியிடும் நிறுவனம், தானே வெளியிட்டுக்கொள்வது. ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் வழக்கமாக ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கு) எவ்வளவு, புத்தகம் எப்போது கைக்கு வரும் என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. நாளைக்கே மனம் கசந்து விலக நேர்ந்தால், எழுதியவர் கையில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வி என் நண்பர் ஒருவரின் அனுபவத்திலிருந்து பிறந்தது. இரவில் அனுப்பிய தடிமனான நாவலுக்கு மறுநாள் காலையிலேயே ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. ஆழமான பார்வை, தனித்துவமான நடை என்று ஒரே புகழ்ச்சி. ஆனால் ஒரு கதாபாத்திரத்தின் பெயர்கூடக் கடிதத்தில் இல்லை. எந்த நாவலுக்கும் பொருந்தும் அந்தப் பாராட்டுக்குக் கீழே கட்டணத் திட்டங்கள் வரிசையாக இருந்தன. பணம் கட்டி, காத்திருந்து, வந்த புத்தகத்தைப் பிரித்தால் உள் ஓரம் அவ்வளவு குறுகல். வரிக் கடைசி எழுத்துகளைப் படிக்க நூலின் முதுகையே பிளக்க வேண்டும். சில பக்கங்களின் மேல் வேறு யாருடைய நூலின் தலைப்போ அச்சாகியிருந்தது. திருத்தச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணமாம்.

சரி, விலகிவிடலாம் என்றால் அப்போதுதான் ஒப்பந்தத்தின் சுயரூபம் தெரிந்தது. உரிமம் பல ஆண்டுகளுக்கு நிறுவனத்திடம். முன்கூட்டியே விடுபட 'விடுவிப்புக் கட்டணம்'. வடிவமைப்புக் கோப்பும் அட்டைப் படமும், அவர் பணத்தில் செய்யப்பட்டவையானாலும், நிறுவனத்துக்கே சொந்தம். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் அவர்கள் பெயரில்தான். அந்த எண்ணோடு வேறு பதிப்பகத்துக்குப் போக முடியாது. புதுப் பதிப்புக்குப் புது எண் வேண்டும்.

இதை ஒரு நிறுவனத்தின் கெட்ட புத்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வருமானம் எழுத்தாளரிடமிருந்தே வந்துவிட்டால், வாசகரைத் தேடிப் போக வேண்டிய தேவை அந்த நிறுவனத்துக்கு இல்லை. பிரிட்டனின் இரு எழுத்தாளர் அமைப்புகள் இப்படிக் கட்டணம் கட்டி வெளியிட்டவர்களிடம் விசாரித்து 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பதிலளித்தவர்களில் 94 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள். முன்கட்டணம் கேட்கவில்லை என்பதற்காகவும் நிம்மதி அடைய வேண்டாம். அமெரிக்காவில் பப்ளிஷ்அமெரிக்கா என்ற நிறுவனம் அப்படிக் கேட்டதில்லை. எழுதியவர்களையே பிரதிகள் வாங்கவைத்துப் பிழைத்தது என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு. அதைச் சோதிக்க எழுத்தாளர்கள் பலர் கூடி, வேண்டுமென்றே படுமோசமான ஒரு நாவலை எழுதி அனுப்பினார்கள். ஓர் அத்தியாயம் இருமுறை வந்தது, இன்னொன்றைக் கணினி நிரலே எழுதிக் கொட்டியிருந்தது. 2004இல் அது ஏற்கப்பட்டது! குட்டு வெளிப்பட்ட பிறகுதான் நிறுவனம் பின்வாங்கியது.

கட்டணம் வாங்காத பதிப்பகத்தில் நிலைமை நேர்மாறு. உள்ளே நுழைவதுதான் கடினம். மாதக்கணக்கில் பதிலே வராது. வந்தாலும் பெரும்பாலும் மறுப்புதான். ராயல்டி அச்சு நூலுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் எடிட்டர், மெய்ப்பு, அட்டை, அச்சு எல்லாம் அவர்கள் செலவு. புத்தகம் விற்காவிட்டால் நஷ்டமும் அவர்களுடையது. விலகும் வழியிலும் இங்கே ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பிவிடும் என்று பழைய பாணி ஒப்பந்தங்களில் இருக்கும். மின்னூலும், கேட்கக் கேட்க ஒரு பிரதி அடிக்கும் முறையும் வந்த பிறகு எந்த நூல் அச்சில் இல்லாமல் போகிறது? ஆண்டு விற்பனை இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று எண்ணைப் போட்டு எழுதச் சொல்ல வேண்டும். நல்ல பதிப்பகம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

தானே வெளியிடுபவருக்கு விலகல் மிக எளிது. நாமே நூல் வெளியிட அமேசான் நடத்தும் கேடிபி தளத்தில் மின்னூலுக்கு, நிபந்தனைகள் பொருந்தினால் 70 சதவீதமும் இல்லையேல் 35 சதவீதமும் ராயல்டி. வேண்டாமென்றால் விற்பனையை நிறுத்திவிடலாம். கேடிபி செலக்ட் என்ற அதன் தனித் திட்டத்தில் சேர்ந்தால் மட்டும் 90 நாட்கள் மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. அச்சு நூலுக்கு அங்கே இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன்னை மற்ற தளங்களில் பயன்படுத்த முடியாது. சொந்த வெளியீட்டின் குறை வேறு இடத்தில் இருக்கிறது: திருத்துபவர், வடிவமைப்பவர், விற்பவர் எல்லாம் நீங்களே. நல்ல எடிட்டருக்குச் செலவழிக்க மனமில்லாதவர் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

என் வரிசை இதுதான்: பொறுமை இருந்தால் பதிப்பகம், இல்லையென்றால் சொந்த வெளியீடு. கட்டணம் வாங்கும் நிறுவனத்தில் நியாயமானவையும் உண்டு. ஆனால் உரிமையும் கோப்புகளும் எழுத்தாளருக்கே என்று எழுத்தில் தராத இடத்தில் கையெழுத்து போடத் தேவையில்லை. ஏற்கெனவே போட்டுவிட்டவர், முதலில் மாதவாரி விற்பனைக் கணக்கை எழுத்தில் கேட்கட்டும். கணக்குத் தராதது ஒப்பந்த மீறலா என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டட்டும். விடுவிப்புக் கட்டணத்தைக் கட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.