3500 கிலோ இழுக்கும் யூட்டில் உண்மையில் எவ்வளவு இழுக்கலாம்?

ஆஸ்திரேலியாவில் விற்கும் டபுள் கேப் யூட்களில் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப் வண்டிகளில்) பெரும்பாலானவை 3500 கிலோ இழுக்கும் என்றுதான் விளம்பரம் சொல்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் யூட்டில் கேரவனை (பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லரை) நெடுநாள் இழுத்துப் பார்த்ததில் எங்கள் முடிவு: அந்த எண்ணை நம்பி கேரவன் வாங்காதீர்கள். குடும்பமும் சாமானும் ஏறும் யூட்டுக்கு 2800 கிலோ ஏடிஎம் (சாமான் ஏற்றிய கேரவனின் மொத்த எடை வரம்பு) நிதானமான அளவு.

2020 மேம்படுத்தலுக்குப் பிந்தைய ஹைலக்ஸ் எஸ்ஆர்5 டீசல் ஆட்டோவின் ஜிவிஎம், அதாவது வண்டியும் அதன் மேல் விழும் சுமையும் சேர்ந்த எடைக்கான வரம்பு, 3050 கிலோ. கேரவனையும் சேர்த்த மொத்த எடை வரம்பான ஜிசிஎம் 5850. இதில் 3500 போனால் வண்டிக்கு மிஞ்சுவது 2350. வெறும் வண்டியே 2100-க்கு மேல். மீதியிருக்கும் 250 கிலோவுக்குள் புல் பார் (முன் காப்புக் கம்பி), கேனபி (பின் தட்டை மூடும் கூடு), ஃபிரிட்ஜ், நாலு பேர் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவே அடங்காது. 2800 கிலோ கேரவன் என்றால் பால் வெயிட் (வண்டியின் பின்னால் கேரவனை மாட்டும் உருண்டையான டோ பாலில் இறங்கும் எடை) 280 போக, வண்டிக்குள் ஏற்ற ஏறக்குறைய 650 கிலோ கிடைக்கும்.

பலரும் கோட்டை விடுவது இந்த பால் வெயிட்டில்தான். கேரவன் எடையில் சுமார் 10 சதவீதம் டோ பாலில் இறங்குவது நல்லது. அது முழுவதும் ஜிவிஎம் கணக்கில் சேரும். பின் அச்சில் ஏறும் பாரம் அதைவிட அதிகம். டோ பால், பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் இருந்தால், 350 கிலோ பால் வெயிட்டுக்குப் பின் அச்சில் 490 கிலோ ஏறும், முன் அச்சில் 140 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிவிடும், முன் பிரேக்கின் பிடி குறையும். ஜிவிஎம் சரியாக இருந்தும் பின் அச்சு வரம்பு மீறுவது இப்படித்தான். வண்டி தாழ்கிறதே என்று பின்னால் ஏர்பேக் (சஸ்பென்ஷனைத் தூக்கும் காற்றுப் பை) போட்டு நிமிர்த்தினால் பாரம் குறையாது; மேடு பள்ளமான சாலையில் சேசிஸ் வளையும் ஆபத்துதான் கூடும்.

பால் வெயிட் குறைந்தாலும் கெடுதல். கேரவனின் பின் பம்பரில் சைக்கிள்களை மாட்டி, அதன் அச்சுக்கு முன்னால் உள்ள தண்ணீர்த் தொட்டியும் காலியானால் பால் லேசாகும். இறக்கத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்போது வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, வண்டிக்குள் உள்ள பிரேக் கன்ட்ரோலரில் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் போடுங்கள்.

எடை மேடைக்குப் பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே போங்கள்: டேங்க் நிறைய டீசல், தண்ணீர், ஆட்கள். மாட்டிய நிலையில் மொத்தத்தையும் நிறுத்தினால் ஜிசிஎம்முக்கான எடை. யூட் மட்டும் மேடையில் நின்றால் ஜிவிஎம்முக்கானது, பின் சக்கரங்கள் மட்டும் நின்றால் பின் அச்சு, கேரவன் சக்கரங்கள் மட்டும் நின்றால் ஜிடிஎம், அதாவது மாட்டிய நிலையில் கேரவன் சக்கரங்கள் தாங்கும் எடை. கழற்றி, ஜாக்கி வீலோடு கேரவனைத் தனியாக நிறுத்தினால் ஏடிஎம்முக்கான எடை. அதிலிருந்து கேரவன் சக்கரங்கள் தாங்கிய எடையைக் கழித்தால் பால் வெயிட். டோ பார் (டோ பாலைத் தாங்கும் சட்டம்) தகட்டில் உள்ள வரம்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எந்த வரம்பு சிறியதோ அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: பிரேக் இல்லாத டிரெய்லருக்கு இந்த யூட்களில் வரம்பு 750 கிலோ. ஜிடிஎம் 2000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக், கூடவே கழன்றால் தானே பிடித்து 15 நிமிடம் நிற்கும் பிரேக்அவே கருவி. ஏடிஎம் 2500-க்கு மேல் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இழுக்கும்போது உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. நியூ சவுத் வேல்ஸில் ஜிசிஎம் 4.5 டன்னுக்கு மேலுள்ள வண்டிகளுக்கும் அதேதான். ஜிவிஎம் உயர்த்தும் கிட் வாங்கும் முன் ஜிசிஎம்மும் உயருமா என்று எழுத்தில் கேளுங்கள். பல கிட்களில் அது உயர்வதில்லை; யூட்டில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் கேரவனில் குறைய வேண்டியிருக்கும்.