வேலைக்கும் விசாவுக்கும் பணம் கேட்கும் துபாய் அலுவலகங்கள்: ஓர் எச்சரிக்கை

விசிட் விசாவில் துபாய்க்கு வந்து வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகவும், திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறத் தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தேரா பகுதியில் வேலைவாய்ப்பு ஆலோசனை என்ற பெயரில் நடக்கும் ஓர் அலுவலகம் என்னிடம் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, போலி ஆஃபர் லெட்டரைக் கையில் கொடுத்தது. என் அறையில் தங்கியிருந்த ஒரு தம்பி வேறொரு வழியில் என்னைவிட அதிகமாக இழந்தார். அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே வேறு பெயர்ப்பலகை மாட்டிவிடுவார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அது போதும்.

திருச்சியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்காளராக இருந்தேன். 60 நாள் விசிட் விசாவில் வந்து, நைஃப் பக்கத்தில் பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும்) எடுத்துத் தங்கி, இணையத்தில் கண்ணில் பட்ட கணக்கர் வேலைக்கெல்லாம் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். விசா முடிய ஒரு மாதம் இருக்கும்போது அழைப்பு வந்தது. உங்கள் விவரத்தைப் பார்த்தோம், ஒரு வணிக நிறுவனத்துக்கு உடனடியாகக் கணக்காளர் தேவை, நேரில் வாருங்கள் என்று ஒரு பெண் நல்ல தமிழில் பேசினார். ஊர்ப் பேச்சைக் கேட்டாலே மனம் இளகிவிடும் காலம் அது. அதைத் தெரிந்துகொண்டுதான் தமிழருக்குத் தமிழ் பேசுபவரையும், மலையாளிக்கு மலையாளம் பேசுபவரையும் தொலைபேசியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரத்தில் அலுவலகம். வரவேற்பறை முழுக்க என்னைப் போன்றவர்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்புடன். உள்ளே அழைத்து டாலி தெரியுமா, வாட் கணக்கு தெரியுமா என்று கேட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் தேர்வாகிவிட்டீர்கள் என்றார்கள். முதலில் கோப்பு திறக்க 200 திர்ஹாம். இரண்டு நாள் கழித்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, ஸ்டேட்டஸ் மாற்றுவதற்கும் (நாட்டை விட்டு வெளியேறாமலே விசிட் விசாவிலிருந்து வேலை விசாவுக்கு மாறுவது) விசாவுக்கும் 3,500 திர்ஹாம் கட்ட வேண்டும், முதல் மூன்று மாதச் சம்பளத்தில் அது திரும்பி வந்துவிடும் என்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் அப்பா வயதுக்காரர். "தம்பி, இந்த இடத்துக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். உங்கள் விசா முடியப்போகிறதே என்றுதான் உங்களுக்கு முதலில் தருகிறேன்" என்றார். என் விசா என்றைக்கு முடிகிறது என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து மனைவியின் வளையலை அடகு வைத்து அனுப்பிய பணத்தை அந்த மேசையில்தான் எண்ணிக் கொடுத்தேன்.

பணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். ரசீது கொடுக்கிறார்களே, இவர்கள் நேர்மையானவர்களாகத்தான் இருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றும். அந்த ரசீதை ஒரு முறை வரி வரியாகப் பாருங்கள். மேலே அச்சிட்டிருந்தது வாசலில் தொங்கும் பெயர் இல்லை, ஆவணத் தட்டச்சு சேவை நடத்தும் வேறொரு நிறுவனத்தின் பெயர். எதற்கான பணம் என்ற இடத்தில் வேலை, விசா என்ற சொற்களே இல்லை. சுயவிவரம் தயாரித்தல், ஆலோசனை என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில், செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது என்ற வரி. நாளைக்கு யார் புகார் கொடுத்தாலும், வேலை தருவதாக நாங்கள் சொல்லவே இல்லை, சுயவிவரம் எழுதித் தந்தோம், அதற்குப் பணம் வாங்கினோம் என்று கையை விரிப்பதற்காகவே அச்சடித்த ரசீது அது.

பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஸ்டாம்பிங்குக்குப் போயிருக்கிறது என்ற ஒரே பதில். இங்கே 2022 முதல் பாஸ்போர்ட்டில் குடியிருப்பு விசா ஒட்டும் வழக்கமே இல்லை. எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டைதான் அதற்குச் சான்று. ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இது தெரியாது என்பதால் பழைய கதையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் விசா வரும்வரை பயிற்சி என்று சொல்லி ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். கணக்கு எழுத அனுப்பவில்லை. பெட்டிகளை எண்ணி அடுக்கும் வேலை, காலை ஏழு மணியிலிருந்து இரவு வரை. எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. இது சம்பள ஏமாற்று மட்டுமல்ல, அதைவிட ஆபத்தானது. விசிட் விசாவில் இருப்பவர் ஒரு நாள்கூட வேலை செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. பயிற்சி என்றாலும் சோதனை என்றாலும் அதே கதைதான். ஆய்வாளர்கள் வந்தால் பிடிபட்டு நாடு கடத்தப்படும் ஆபத்து நமக்கு. அனுமதியில்லாமல் ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கு 2024ல் திருத்திய சட்டப்படி ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம். அதனால்தான் வாசலில் வண்டி வந்து நின்றாலே எங்களைப் பின்பக்கம் போகச் சொன்னார்கள்.

அந்தக் கிடங்கில் வேலை செய்த ஒரு பெரியவர்தான் ஆஃபர் லெட்டரை ஒரு டைப்பிங் சென்டரில், அதாவது அரசு விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து தரும் கடையில் காட்டச் சொன்னார். நடத்துபவர் மலையாளி. தாளைக் கையில் வாங்கியதுமே முகம் மாறிவிட்டது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் சின்னம், அரபி, ஆங்கிலம், சம்பளம் 4,500 திர்ஹாம், நீல முத்திரை எல்லாம் இருந்தன. அவர் தாளில் இருந்த பரிவர்த்தனை எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் அடித்துப் பார்த்தார். வேறொரு நிறுவனத்தில் துப்புரவுப் பணிக்கு, வேறொருவருக்குக் கொடுத்த ஆஃபர் திரையில் வந்தது. யாரோ ஒருவருடைய உண்மையான தாளை எடுத்து, பெயரையும் பதவியையும் சம்பளத்தையும் அழித்து, என் விவரத்தைப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் என் பெயர் இருந்த வரியில் மட்டும் எழுத்து சற்றுத் தடிப்பாக இருந்தது. அவர் என்னிடம் ஒரு திர்ஹாம்கூட வாங்கவில்லை. முதலில் பாஸ்போர்ட்டைக் கைப்பற்று, பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். தம்பி என்று அழைத்தவர் அன்றைக்கு இல்லை. இருந்தவர்கள், நீங்களாகவே விலகுவதால் கோப்பை ரத்து செய்ய 500 திர்ஹாம் கட்டினால்தான் பாஸ்போர்ட் வரும் என்றார்கள். கட்டவில்லை. இங்கிருந்தே போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு அவர்களே தொலைபேசியில் பேசினார்கள். அன்று மாலையே ஓர் ஆள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்டாம்பிங்குக்குப் போன பாஸ்போர்ட் அந்த அலுவலகத்தின் இழுப்பறையிலேயேதான் இருந்திருக்கிறது. பணம் இன்றுவரை வரவில்லை. அந்த ரசீது அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் புதிதாக வருபவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுப்பதற்கான செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. விசா, மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடி எல்லாம் முதலாளியின் செலவு. அமைச்சக உரிமம் இல்லாமல் ஆள் சேர்த்துக் கொடுக்கும் தொழிலே நடத்தக் கூடாது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கவும் கூடாது. ஆகவே டெபாசிட், கோப்புக் கட்டணம், ஸ்டேட்டஸ் மாற்றும் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த கேள்வி கேட்கக்கூட நிற்க வேண்டாம்.

உண்மையான வேலை எப்படி வரும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எனக்கு அப்படித்தான் வந்தது. ஷார்ஜாவில் ஒரு நிறுவனம் நேர்முகம் நடத்தியது. என்னிடம் கேட்டது பாஸ்போர்ட் நகலும் புகைப்படமும் சான்றிதழும் மட்டும்தான். நிறுவனம் அமைச்சகத்தின் வழியாக ஆஃபர் லெட்டர் எடுத்தது. அதில் அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தொழிலாளிக்குப் புரியும் மொழியும் இருக்கும். தமிழும் அந்த மொழிகளில் ஒன்று, கேட்டு வாங்குங்கள். அதில் கையெழுத்திட்ட பிறகு வேலை அனுமதி, அதன் பிறகு நுழைவு அனுமதி, உள்நாட்டிலேயே இருந்தால் ஸ்டேட்டஸ் மாற்றம், மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எமிரேட்ஸ் ஐடி என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். கையெழுத்திட்ட நாளிலிருந்தே அந்த ஆஃபரை எண்ணைப் போட்டு நாமே பார்க்கலாம். நுழைவு அனுமதி வந்துவிட்டது என்று யாராவது பிடிஎஃப் அனுப்பினால், குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். ஃப்ரீ ஸோன் (தனி நிர்வாகம் உள்ள வர்த்தக மண்டலம்) நிறுவனம் என்றால் அந்த ஸோன் நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும், அமைச்சகத் தளத்தில் வராது. இதையும் போலிகள் சாக்காகச் சொல்வார்கள். எந்த ஸோன் என்று கேட்டு, நேரே அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

என் அறைத் தம்பியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ராமநாதபுரம் பக்கத்துக்காரர், குழாய் வேலை தெரிந்தவர், பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. ஊரில் ஓர் ஏஜென்ட், ஃப்ரீ விசா தருகிறேன், இரண்டு வருடம் எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கிவிட்டான். அப்படி ஒரு விசா இந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை. காகிதத்தில் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் ஊழியராகக் காட்டி விசா எடுக்கிறார்கள். வேலை தருவதில்லை, வெளியில் நீயே தேடிக்கொள் என்கிறார்கள். ஆனால் விசா கொடுத்த கம்பெனியைத் தவிர வேறிடத்தில் அனுமதியில்லாமல் வேலை செய்வது குற்றம். சம்பளம் வங்கி வழியாகப் போக வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்தத் தம்பியே மாதா மாதம் பணத்தைக் கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுப்பார். கம்பெனி அதைச் சம்பளம் என்று அவருடைய கணக்கில் போடும். ஒரு மாதம் கொடுக்க முடியாமல் போனதும், ஓடிப்போனதாகப் புகார் கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். "அண்ணே, வேலை செய்யாத கம்பெனியிலிருந்து நான் எப்படி ஓட முடியும்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. துணைத் தூதரகத்தின் உதவியோடுதான் அவர் ஊர் திரும்பினார்.

அவருடையது இசிஆர் பாஸ்போர்ட், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற வகை. அப்படிப்பட்டவர்கள் அமீரகத்துக்கு வேலைக்கு வர இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த வழியில் வந்தால் ஒப்பந்தத்தை அதிகாரிகள் பார்ப்பார்கள், பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். விசிட் விசாவில் அனுப்பிவிட்டு அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்வது இந்தப் பாதுகாப்பு எதுவும் உங்களுக்குக் கிடைக்காமல் செய்வதற்குத்தான். ஊரில் இருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைப் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, அங்கேயும் பதிவு செய்து வையுங்கள். கிராமத்தில் இருக்கும் உங்கள் அண்ணன் தம்பிகளுக்கு இதைச் சொல்லுங்கள், அவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

இப்போதே சிக்கலில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கொடுத்த பணத்துக்கு ரசீது எதுவாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலையும் குரல் பதிவுகளையும் அழிக்க வேண்டாம். வேலை தருகிறேன், விசா எடுத்துத் தருகிறேன் என்று அவர்கள் சொன்னது அங்கேதான் இருக்கும், ரசீதில் இருக்காது. பணத்தைக் கையில் கொடுக்கச் சொன்னால் அதுவும் ஓர் அடையாளம், ஏனென்றால் வங்கி வழியாகப் போனால் தடயம் இருக்கும். தொழிலாளர் அமைச்சகத்தின் எண் 600590000. இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது, இலவச எண் 800 46342. பேசத் தயக்கமாக இருந்தால் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

விசா முடியும் தேதியைக் கைபேசியில் குறித்து வையுங்கள். முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். விசிட் விசா எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ் நிறுவனம் உங்கள் மேல் ஓடிப்போனதாகப் புகார் கொடுத்தால் சிக்கல் இன்னும் பெரிதாகும். ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, தேதி தாண்டினாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அமைச்சகத் தளத்தில் அந்த ஆஃபர் உங்கள் பெயரில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பாஸ்போர்ட் யார் கையிலாவது மாட்டியிருந்தால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இன்றே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள்.