ஜிபிஐ கோல்டா, லீட் கோல்டா? கோலாலம்பூரில் அலுவலகம் தேடுபவர்களுக்கு

ஒரு கோபுரத்தின் வரவேற்பறையில் ஜிபிஐ (மலேசியாவின் பசுமைக் கட்டடச் சான்று) கோல்டு தகடு, பக்கத்துக் கோபுரத்தில் லீட் (அமெரிக்காவின் பசுமைக் கட்டடச் சான்று) கோல்டு. இரண்டும் தங்கம்தான், உரைகல்தான் வேறு.

2009-இல் வந்த ஜிபிஐயில் கோல்டுக்கு 100-க்கு 76 புள்ளி வேண்டும். லீட் நான்காம் பதிப்பில் 110-க்கு 60 போதும். இதை வைத்து எது கடினம் என்று சொல்ல முடியாது, அளக்கும் விதமே வேறு. லீட், விதிப்படி கட்டிய ஒரு கற்பனைக் கட்டடத்தைவிட எரிசக்திச் செலவு எத்தனை சதவீதம் குறைவு என்று பார்க்கிறது. ஜிபிஐ நேரடியாகக் கேட்பது: சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி? 150-இல் புள்ளி தொடங்கும். 90-க்கு இறங்கினால் முழு 15 புள்ளி. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் 70-ஐ ஒட்டி நிற்கிறது. வாடகைக்கு வருபவருக்கு இந்த எண்தான் உதவும். கார் நிறுத்துமிட மின்சாரத்தைக் கழித்து, வாரம் 52 மணி நேரத்துக்குச் சரிக்கட்டிய கணக்கு என்பதால் பில்லோடு அப்படியே பொருந்தாது.

சுவர் வழி வெப்பத்துக்கு ஜிபிஐ, கட்டட எரிசக்திச் சிக்கனத்துக்கான மலேசியத் தரமான எம்எஸ் 1525-ஐப் பிடிக்கிறது: சதுர மீட்டருக்கு 50 வாட்டுக்கு மேல் கூடாது. கண்ணாடி வழி வரும் வெயிலுக்கு, 194 என்ற மாறா எண்ணைத் திசை எண், சுவரில் கண்ணாடிப் பங்கு, நிழல் குணகம் (கண்ணாடி எவ்வளவு வெயில் வெப்பத்தை உள்ளே விடுகிறது என்ற எண்) மூன்றாலும் பெருக்க வேண்டும். மேற்கின் திசை எண் 0.94, கிழக்குக்கோ 1.23. பிற்பகல் மேகம் மேற்கு வெயிலை மறைத்துவிடுகிறது. பாதிச் சுவர் கண்ணாடி, குணகம் 0.5 என்றால் கிழக்கில் கண்ணாடி வெயில் மட்டுமே ஏறக்குறைய 60, மேற்கில் 46. குணகம் 0.3 உள்ள கண்ணாடி கிழக்கை 36-க்கு இறக்கும். ஆனால் வரம்பு நான்கு பக்கச் சராசரிக்குத்தான். கிழக்கு அறை வெந்தாலும் கட்டடம் தேறிவிடும்.

ஜிபிஐ சான்று மூன்றாண்டில் புதுப்பிக்கப்பட வேண்டும். வடிவமைப்பு நிலையில் தருவது தற்காலிகச் சான்றுதான், தேதியைக் கேளுங்கள். புதுக் கட்டடத்துக்கான லீட் சான்று காலாவதியாவதில்லை. பழைய தகடானால் கடந்த 12 மாத மின்கணக்கு இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

வெளிநாட்டுத் தலைமையகம் கேட்டால் லீட். மின்செலவுதான் கவலை என்றால் ஜிபிஐ. எதுவானாலும் காலை ஒன்பதரைக்குக் கிழக்கு அறையில் நின்று பாருங்கள்: திரையை இறக்கிவிட்டு விளக்கு எரிகிறதென்றால், பகல் வெளிச்சத்துக்கு வாங்கிய புள்ளி காகிதத்தில் மட்டும்தான்.