பிராக் கோட்டைக்கு கைடு டூர் புக் செய்யும் முன் இதைப் படியுங்கள்

செக் தலைநகர் பிராக் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். அதை நம்பியே ஒரு கூட்டம் அங்கே பிழைப்பு நடத்துகிறது. நாங்கள் நாலு பேர் அதில் மாட்டினோம். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. இதே சரக்கை வேறு வேறு பெயர்களில் பலர் விற்கிறார்கள், அதனால் ஏமாற்றும் முறை தெரிந்தால் போதும்.

விளம்பரத்தில் இரண்டரை மணி நேரம், ஆங்கிலம் பேசும் கைடு, வரிசையில் நிற்க வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். கூடவே இரண்டு படங்கள்: புனித வைட்டஸ் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல், பழைய அரண்மனையில் விளாடிஸ்லாவ் மண்டபத்தின் பின்னிப் பிணைந்த கூரை. இரண்டுமே உள்ளே போனால்தான் தெரியும். ஆளுக்கு வாங்கிய பணமோ கோட்டை டிக்கெட்டைப் போல இரண்டு மடங்கு.

சந்திக்கச் சொன்ன இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய நகர சதுக்கத்தில் யான் ஹுஸ் சிலை. மஞ்சள் குடையோடு ஒரு இளைஞர் வந்தார். சுற்றி முப்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். காதில் மாட்டும் கருவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு விஷயத்தையும் முதலில் ஸ்பானிஷில் சொல்வார், அப்புறம் ஆங்கிலத்தில் பாதியாகச் சுருக்கிச் சொல்வார். சார்லஸ் பாலத்திலும் நெருடோவா தெரு ஏற்றத்திலுமே பாதி நேரம் கரைந்தது. நடுவில் ஒரு நினைவுப்பொருள் கடை. ‘இங்கே விலை நியாயமாக இருக்கும்’ என்று சொல்லி இருபது நிமிடம் நிறுத்தினார். அவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மேலே போனால் வாசலில் பாதுகாப்புச் சோதனை, நீண்ட வரிசை. ‘வரிசையில் நிற்க வேண்டாம் என்றீர்களே?’ என்று கேட்டோம். ‘அது டிக்கெட் வரிசைக்கு, இது போலீஸ் வரிசை’ என்றார். சரி, டிக்கெட் எங்கே என்றால், ‘நம் டூருக்கு டிக்கெட்டே தேவையில்லை.’

விஷயம் இதுதான். கோட்டை வளாகத்து முற்றங்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாக நடக்கலாம். பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் ஆலயம், பொற்சந்து இவற்றுக்குள் போகத்தான் டிக்கெட். எங்களுக்கு விற்றது அந்த இலவச முற்றத்தைத்தான். கல்யாண மண்டப வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே பந்தி எப்படி என்று வர்ணித்த கதை.

அந்த வர்ணனையாவது சரியாக இருந்ததா? பேராலயத்தின் முன்னால் நின்று, இந்த இரட்டைக் கோபுரங்களை நான்காம் சார்லஸ் மன்னர் கட்டினார் என்றார். 1344-இல், அவர் மன்னராவதற்கு முன்பே தொடங்கிய வேலை நூற்றாண்டுக்கணக்கில் பாதியில் நின்று, 1929-இல்தான் முடிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மேற்கு முகப்பு அந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. பொற்சந்தில் ரசவாதிகள் தங்கம் செய்தார்கள் என்று சந்தின் வாசலில் நின்றே அளந்தார். அந்தக் குட்டி வீடுகள் கோட்டைக் காவலர்களுக்காகக் கட்டியவை. எழுத்தாளர் காஃப்கா அங்கேதான் பிறந்தாராம்! அவர் பிறந்தது எங்கள் டூர் தொடங்கிய சதுக்கத்துக்குப் பக்கத்தில். சந்தில் 22-ஆம் எண் வீட்டை அவருடைய தங்கை வாடகைக்கு எடுத்திருந்தார், 1916–17-இல் இவர் அங்கே உட்கார்ந்து எழுதினார், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் உறுத்தியது அரண்மனைதான். 1618-இல் மன்னரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்களே, ஐரோப்பாவில் முப்பது ஆண்டுப் போருக்குத் தீ வைத்த சம்பவம், அது நடந்தது இதன் உள்ளேதான். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். கைடு தூரத்தில் இருந்து பொதுவாக ஒரு சுவரைக் கைகாட்டிவிட்டு டிப்ஸுக்குக் கை நீட்டினார்.

புகார் எழுதினேன். பக்கத்தின் அடியில் விரித்துப் பார்க்க வேண்டிய பகுதியில் ‘கட்டடங்களின் உள் அனுமதி சேராது’ என்று போட்டிருக்கிறது என்று பதில் வந்தது. அது உண்மைதான், இருக்கிறது. ஆனால் உள்ளே எடுத்த படங்களை மேலே ஏன் போட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த டூருக்கு பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்.

நீங்கள் போவதானால் 22-ஆம் எண் டிராம் பிடித்து ‘பிராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்குங்கள், பெரிய ஏற்றம் மிச்சம். டிக்கெட்டை வளாகத்துக்குள் இருக்கும் தகவல் மையங்களிலேயே வாங்கலாம், ஆடியோ கைடும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு டிக்கெட் இரண்டு நாள் செல்லும், ஓடியோடிப் பார்க்க வேண்டியதில்லை. கைடு வேண்டும் என்றே இருந்தால், எந்தெந்தக் கட்டடத்துக்குள் அழைத்துப் போவீர்கள், டிக்கெட் இதில் சேர்த்தியா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராலயத்தில் பூசை நடக்கும். சுற்றிப் பார்க்க வருபவர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். ஞாயிறு காலைக்கு யாராவது ‘பேராலயத்தோடு சேர்த்து’ டூர் விற்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.