பெல்ட் நிற்கிறதா இல்லையா: என் சூப்பர்சார்ஜர் வேலையைச் செய்த இரண்டு பட்டறைகள்

பெயர் சொல்லப் போவதில்லை. முதல் பட்டறை சொதப்பியது, அதைப் பெயர் சொல்லித் திட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டாவது பட்டறைக்காரர் நன்றாகச் செய்தார், ஆனால் வரிசையில் நிற்கிற வண்டிகளையே முடிக்க முடியாமல் தவிக்கிறார், இன்னும் பத்து பேரை அனுப்பினால் என்னைத்தான் திட்டுவார். அதனால் வேலையை மட்டும் பேசுவோம்.

வண்டி 1.8 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5. அதில் ஏற்றியது பழைய மினி கூப்பர் எஸ், அதாவது ஆர்53 வண்டியிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், பெல்ட்டில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. தயார் கிட் வாங்கிப் பூட்டியிருந்தால் இந்த விமர்சனமே இருந்திருக்காது, ஆனால் எம்45 கையில் சும்மா கிடந்தது, ஆசை யாரை விட்டது. கிட் இல்லை என்றால் சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட், காற்றை எஞ்சினுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான இன்டேக் பிளீனம், கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) புல்லிக்கு ஒரு கூடுதல் வளையம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஒரு மவுண்ட், குழாய்கள், பின்பக்கத்துக்கு ஒரு மூடி என்று எல்லாமே ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.

கணக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், பின்னால் தேவைப்படும். எம்45 என்பதில் 45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலக் காற்றைத் தள்ளும் என்று அர்த்தம், சுமார் 0.74 லிட்டர். என் எஞ்சின் 1839 சிசி, நான்கு ஸ்ட்ரோக், ஆக கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் குடிப்பது 0.92 லிட்டர். கிராங்க் பக்கம் 130 மி.மீ. புல்லி, சார்ஜர் பக்கம் 65 மி.மீ. என்று வைத்தால் சார்ஜர் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், 1.48 லிட்டரைக் கொண்டுவந்து கொட்டும். தாளில் 1.6 மடங்கு, அதாவது வெளிக்காற்றைவிட 0.6 பார் கூடுதல் அழுத்தம், இதைத்தான் பூஸ்ட் என்பார்கள். நிஜத்தில் கசிவு அது இது என்று கொஞ்சம் போய்விடும், போகட்டும். முக்கியமானது வேகம்: எஞ்சின் 7,000 தொடும்போது சார்ஜர் 14,000-ல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் பெல்ட்டுக்குச் சாய்வு என்ற பேச்சே ஆகாது.

முதல் பட்டறைக்கு நான் போனதே அவர்களுடைய வெல்டிங் படங்களைப் பார்த்துத்தான். காசு அடுக்கி வைத்ததுபோல வரிசையாக, வானவில் நிறத்தில் டிக் வெல்டிங். மயங்கிவிட்டேன். சார்ஜரையும் சில அளவுகளையும் கொடுத்தேன், வண்டியை அவர்கள் கேட்கவே இல்லை. பத்தே நாளில் பிராக்கெட் வந்தது, 10 மி.மீ. அலுமினியத் தகடுகளை வெட்டி ஒட்டியது, பார்க்க நகை மாதிரி இருந்தது. பூட்டினேன், ஸ்டார்ட் செய்தேன், சத்தம் இல்லை. சந்தோஷமாக ஓட்டினேன்.

மூன்றாவது நாள் பானெட்டைத் திறந்தால் புல்லியைச் சுற்றிக் கறுப்புப் பொடி. அடுத்த நாள் 5,000-ஐத் தாண்டியபோது ஒரு டப் சத்தம், பூஸ்ட் மானி செத்துப்போனது. 6பிகே, அதாவது ஆறு வரி பெல்ட்டின் ஓரத்து வரி ஒன்று மட்டும் தனியாக உரிந்து, நூல்கண்டில் சுற்றியதுபோல சார்ஜர் புல்லிக்குப் பின்னால் சிக்கிக்கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. நேர்க்கோல் வைத்துப் பார்த்தேன், 300 மி.மீ. தூரத்தில் 2.5 மி.மீ. சாய்வு. கோணத்தில் சொன்னால் அரை டிகிரி, கண்ணுக்குத் தெரியாது, பெல்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. 6பிகே பெல்ட்டில் வரிக்கு வரி 3.56 மி.மீ.தான் இடைவெளி என்பதை நினைத்துப் பாருங்கள்.

காரணம் அந்த அழகான வெல்டிங்கேதான். தகடுகளை நேராக வெட்டியிருக்கிறார்கள், ஆனால் எதிலும் இறுக்கிக் கட்டாமல் வெல்டிங் செய்திருக்கிறார்கள், ஆறும்போது இழுத்து வளைத்துவிட்டது. வெல்டிங்குக்குப் பிறகு மில்லிங்கில் போட்டு முகத்தை மட்டம் தட்டவும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் பில்லில் பெருமையாக 6061 டி6 என்று, அதாவது சூட்டில் பதம் ஏற்றிய அலுமினியம் என்று எழுதியிருந்தார்கள். அந்த டி6 பதம் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் போய்விடும், திரும்பப் பதம் ஏற்றாவிட்டால் அங்கே வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். அதாவது சுமை அதிகம் விழும் மூலையில்தான் உலோகம் பலவீனம். போய்ச் சொன்னேன். "வாஷர் வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன், அந்த பிராக்கெட் இப்போது என் மேஜையில் புத்தகம் சாய்ந்துவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு அரை டிகிரி பரவாயில்லை.

இரண்டாவது பட்டறை. உள்ளே போனால் ஒரு லேத், ஒரு பழைய மில்லிங் மெஷின், சுவரில் ஆணியடித்து மாட்டிய அட்டை டெம்ப்ளேட்டுகள். பளபளப்பு எதுவும் இல்லை. பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், சார்ஜரைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டி எங்க தம்பி?"

"பார்ட்ஸ் மட்டும் கொண்டுவந்திருக்கேன் அண்ணே, அளவெல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"உங்க அளவு உங்ககிட்டயே இருக்கட்டும். வண்டியைக் கொண்டுவாங்க."

கொண்டுபோனேன். முதல் இரண்டு நாளும் அவர் ஒரு தகட்டைக்கூட வெட்டவில்லை. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை அட்டையில் வைத்துக் கோடு இழுத்தார், ஒட்டுப்பலகையில் ஒரு பிராக்கெட் செய்து பூட்டினார், சார்ஜர் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டி பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை வெர்னியரில் அளந்தார். ஒரு இடத்தில் 6 மி.மீ.தான் இருந்தது. எஞ்சின் மவுண்ட் ரப்பர், கியர் போட்டு ஆக்சிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் சாயும், 15 மி.மீ.யாவது வேண்டும் என்று சார்ஜரைக் கீழே இறக்கி மறுபடி பலகை வெட்டினார். அதன் பிறகு பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி அச்சடித்துப் பூட்டிப் பார்த்தார். "இதோட ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, இது 60 டிகிரியிலயே கொழகொழன்னு ஆயிடும்" என்று ஒரு எச்சரிக்கை வேறு.

கடைசியில் பில்லைப் பார்த்தால் மொத்த வேலை நேரத்தில் பாதி அளப்பதற்குத்தான் போட்டிருந்தது. முதலில் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. அளப்பதற்குக் காசா என்று. இப்போது யோசித்தால் நான் காசு கொடுத்ததே அதற்குத்தான், மீதியெல்லாம் கூடவே வந்தது.

பிராக்கெட்டில் ஒரு இடத்தில்கூட வெல்டிங் கிடையாது. 12 மி.மீ. அலுமினியத் தகடு இரண்டு, நடுவே லேத்தில் கடைந்த தூண்கள், எல்லாம் போல்ட். எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, பிராக்கெட் அலுமினியம். சூடானால் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுக்கு போல்ட் 200 மி.மீ. தூரம் என்றால் 70 டிகிரி ஏறும்போது வித்தியாசம் 0.15 மி.மீ.க்கு மேல் வரும், நான்கு துளையையும் இறுக்கமாகப் போட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அவர் ஒரே ஒரு இடத்தில் டவல் பின் போட்டு இருப்பிடத்தை உறுதியாக்கினார், மற்ற துளைகளைக் கொஞ்சம் தளர்வாக விட்டார். கேட்டால்தான் இதைச் சொன்னார், கேட்காவிட்டால் சொல்லியிருக்கமாட்டார்.

கிராங்க் புல்லி விஷயத்தில் ஒரு சண்டையே வந்தது. எனக்கு முழுக்க அலுமினியத்தில் லேசான புல்லி வேண்டும் என்று ஆசை. அவர் மறுத்துவிட்டார். புல்லியின் நடுவே இருக்கும் ரப்பர் வளையம் சும்மா இல்லை, கிராங்க்கின் முறுக்கு அதிர்வை விழுங்குவதற்காக இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு சார்ஜர் சுமையையும் ஏற்றினால் என் பெயர்தான் கெடும் என்றார். பழைய புல்லியை அப்படியே விட்டு, முன்முகத்தில் ஆறு வரி வளையம் ஒன்றைக் கடைந்து போல்ட் போட்டார். டயல் கேஜ் வைத்துச் சுற்றிக் காட்டினார், முள் நடுங்கியது என்று சொல்லலாம், நகர்ந்தது என்று சொல்ல முடியாது.

ஆர்53 சார்ஜரை வேறு வண்டிக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. மினியில் வாட்டர் பம்ப் இந்த சார்ஜரின் பின்முனையில்தான் மாட்டியிருக்கும், அதைச் சுற்றவைக்கும் கியருக்குத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. பம்ப்பை எடுத்துவிட்டால் அந்தத் துளையை மூட வேண்டும். இவர் ஓ-ரிங் போட்டு ஒரு மூடி கடைந்தார், மூடுவதற்கு முன் திறந்து பார்த்தால் எண்ணெய் இருந்த இடத்தில் பழுப்புப் பசை. இந்த வகை சார்ஜரில் இது தெரிந்த நோய்தான், ஆனால் நான் அவரிடம் மூடி மட்டும்தான் கேட்டிருந்தேன். கழுவி, பல்லைப் பார்த்து, புது எண்ணெய் ஊற்றி மூடினார்.

பிளீனம் மட்டும்தான் வெல்டிங் வேலை. எம்45 மாதிரி ரூட்ஸ் வகை சார்ஜர் காற்றை நன்றாகச் சூடாக்கிவிடும், இந்த அழுத்தத்துக்கே 60, 70 டிகிரி கூடுதலாக ஏறும், அதனால் பிளீனத்துக்கு உள்ளேயே காற்றைக் குளிரவைக்கும் தண்ணீர் இன்டர்கூலர் கோர் ஒன்று உட்கார வேண்டியிருந்தது. ஃப்ளேஞ்சை, அதாவது எஞ்சினோடு சேர்த்துப் பூட்டும் முகத்தை, தடித்த எஃகுத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்து, முழுக்க ஆறிய பிறகு கழற்றி, முதலிலேயே கூடுதலாக விட்டிருந்த 1 மி.மீ.யை மில்லிங்கில் சீவினார். நேர்க்கோலுக்கு அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழையவில்லை, என்னையே நுழைக்கச் சொன்னார். வெல்டிங் பார்க்கச் சுமார்தான், முதல் பட்டறை அழகுக்குப் பக்கத்தில் நிற்காது. பிறகு எல்லாத் துளையையும் அடைத்து 1 பார் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினார். இன்ஜெக்டர் உட்காரும் ஒரு இடத்தில் மட்டும் கடுகளவு குமிழி, விட்டு விட்டு ஒன்றொன்றாக வந்தது. அன்று நான் அங்கே இல்லாமல் இருந்தாலும் அதைச் சரி செய்திருப்பார் என்று நம்புகிறேன்.

கழுவும் வேலையையும் சொல்ல வேண்டும். அலுமினியச் சீவல் காந்தத்தில் ஒட்டாது, உள்ளே ஒன்று தங்கினாலும் நேராக எஞ்சினுக்குள்தான் போகும். சோப்பு, பிரஷ், காற்று, மறுபடி சோப்பு என்று மூன்று தடவை கழுவினார். கடைசித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தார்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, இனிக் குறைகள். மூன்று வாரம் என்றார், ஒன்பது வாரம் ஆனது. போன் எடுக்கவே மாட்டார், நேரில் போனால் மட்டும் பேசுவார், அதுவும் தேதி தவிர மற்றதெல்லாம் பேசுவார். வரைபடம் கேட்டேன், தலையில் இருக்கிறது என்றார், நாளைக்கு இன்னொரு பிராக்கெட் வேண்டுமென்றால் அவரைத்தான் தேட வேண்டும். பிராக்கெட்டின் பின்பக்க ஓரங்களில் பிசிறு எடுக்கவில்லை, பூட்டும்போது என் விரல்தான் எடுத்தது.

அப்புறம் ஒரு நிஜமான தவறு. பூஸ்ட் குழாயின் ஒரு முனையில் வளைவு உடனே தொடங்குகிறது, ஹோஸ் வழுக்காமலிருக்க முனையில் மேடு போடும் உருளைக்கு அங்கே இடம் போதவில்லை, அதனால் மொட்டையாகவே விட்டுவிட்டார். மூன்றாவது தடவை முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தபோது சிலிக்கான் ஹோஸ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது, கிளாம்ப் அப்படியே இறுக்கமாகத்தான் இருந்தது. கொண்டுபோனதும் பார்த்து, "இது என் தப்பு" என்று ஒரே வார்த்தை, அங்கேயே குழாயைக் கழற்றி முனையைச் சுற்றி வெளிப்புறம் மெல்லிய வெல்டிங் வரி ஒன்றை ஓட்டி மேடாக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதன் பிறகு அந்த ஹோஸ் அசையவில்லை.

போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து, 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார். போனேன். டார்ச் அடித்து ஒவ்வொரு கோட்டையும் பார்த்தார், ஒன்றும் விலகவில்லை. பெல்ட்டைத் திருப்பி வரிகளை நகத்தால் தடவினார், புல்லிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினார், விரலில் கறுப்பு ஒட்டவில்லை. போகலாம் என்றார்.

இன்னும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டென்ஷனரைப் பூட்டும் போல்ட் பிராக்கெட் ஓரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, ஸ்பானரை மாட்டினால் பத்தில் ஒரு சுற்றுகூடத் திரும்பாது, பெல்ட் மாற்ற அரை மணி நேரம் அதற்கே போகிறது. சொன்னதற்கு, "அடுத்ததுல மாத்திடலாம் தம்பி" என்றார். அடுத்தது எது என்று நான் கேட்கவில்லை. ஒரு பழைய 14 நம்பர் ஸ்பானரை கிரைண்டரில் தேய்த்துக் குட்டையாக்கி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.